சிவப்பு வளையம் போட்ட மரங்கள்

முனிர்கா,
10 மார்ச் 2025

அன்புள்ள கௌதமன்,

இருமல் குறைந்ததா? ஃபோனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது, இனி கடிதம்தான் என்று ஜனவரியில் நான் வீட்டை விட்டு இங்கே வந்தபோது முடிவு செய்தோமே, அதன்படி எழுதுகிறேன்.

நாட்டு மரம் நடுவதற்காக உங்கள் ஆபீஸ் ஆட்கள் வெட்டப்போகும் சீமைக்கருவேலங்காட்டில், இரண்டு வருடமாக என் ஆய்வுக்காகப் பின்தொடரும் பெட்டை நரி நான்கு குட்டி போட்டிருக்கிறது. வேர்களுக்கு அடியில் குழி. அந்த முள்ளுக்குள் தெருநாய் நுழையாது. காய் உதிர்ந்தால் அதையும் தின்கிறது. எங்கிருந்தோ கொண்டுவந்த மரம்தான், மற்ற செடிகளை அழித்ததுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நரிக்கு இப்போது அதுதான் வீடு. மே மாதம் வரை குட்டிகள் குழியை விடாது. அதுவரை அந்த மூலையை மட்டும் விட்டுவையுங்களேன்.

மதுமதி

மயூர் விஹார்,
13 மார்ச்

அன்பு மதி,

எனக்கு ஒரு வரி, நரிக்கு மிச்சமெல்லாம். பரவாயில்லை, இருமல் தேவலை.

மழைக்கு முன் நம் நாட்டு மரங்களை நட்டாக வேண்டும். சீமைக்கருவேலத்துக்குப் பழகிய நரி வேம்புக்கும் பழகிவிடும். இருந்தாலும் நீ கேட்டுவிட்டாய், விடுகிறேன். விட வேண்டிய மரங்களில் அடையாளம் போட்டு, என்ன அடையாளம் என்று எழுது. மேஸ்திரி முருகனிடம் சொல்லிவிடுகிறேன். 21ஆம் தேதி வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் வேலை ஆரம்பம்.

சேர்ந்து இருப்பதா வேண்டாமா என்று யோசித்துச் சொல்கிறேன் என்றாய். இரண்டு மாதம் ஆகிவிட்டது. அதையும் எழுது.

கௌதமன்

முனிர்கா,
18 மார்ச், செவ்வாய்

அன்புள்ள கௌதமன்,

ஒரு அசட்டுத்தனம் செய்துவிட்டேன். பதினைந்து மரங்களுக்குச் சிவப்புப் பெயிண்டில் வளையம் போட்டேன். ஆய்வு மரங்களுக்கு நாங்கள் எப்போதும் போடுவது சிவப்புதான், கை தானாகப் போட்டுவிட்டது. முடித்த பிறகுதான் அங்கிருந்த உங்கள் ஆள் ஒருவர் சொன்னார், மரம் வெட்டுகிறவர்களுக்குச் சிவப்பு என்றால் வெட்டு என்று அர்த்தமாம். பெயிண்ட் பட்டையில் ஊறிவிட்டது, சுரண்டினாலும் போகவில்லை. முருகன் வெள்ளிக்கிழமைதான் ஊரிலிருந்து வருகிறாராம். அவரிடம் நீங்கள் சொன்னால்தான் நடக்கும். சிவப்பு வளையத்தைத் தொடாதே என்று மறக்காமல் சொல்லிவிடுங்கள். தபாலை நம்பாமல் நானே வந்து உங்கள் கேட் காவலாளி பையாவிடம் இதைக் கொடுக்கிறேன். மேலே வந்தால் அழுதுவிடுவேன்.

நீங்கள் கேட்ட இன்னொன்று. குட்டிகள் வெளியே போகும் மே மாதம் நானும் வீட்டுக்கு வருகிறேன். 'பழகிடும்' என்று மட்டும் இனி என்னிடம் சொல்லாதீர்கள். கோவையில் வேலையை விட்டுவிட்டு உங்களோடு இந்த ஊருக்கு வந்தபோதும் அதைத்தான் சொன்னீர்கள். பழகினேன். பழகுவது வேறு, நன்றாக இருப்பது வேறு.

மதுமதி

மயூர் விஹார்,
22 மார்ச்

அன்பு மதி,

பெரிய தவறு நடந்துவிட்டது. உன் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. கேட் பையா எங்கோ வைத்து மறந்துவிட்டார். நன்றாகத் திட்டினேன். அதற்குள் மரங்களை வெட்டிவிட்டார்கள். தாய் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும், கவலைப்படாதே.

மே மாதம் வருவதில் மாற்றமில்லையே?

கௌதமன்

முனிர்கா,
24 மார்ச்

கௌதமன்,

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் போனேன். பதினைந்தும் கிடந்தன. வேரோடு பிடுங்கியதில் குழி சரிந்து இரண்டு குட்டிகள் செத்துவிட்டன. என் கையால்தான் எடுத்தேன். மிச்சம் இரண்டையும் தாய் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு ரோட்டோரக் கான்கிரீட் குழாய்க்குள் போயிற்று. நேற்று அங்கேயே எலி பிடித்தது. பழகிக்கொண்டது, உங்களுக்குத் திருப்தியாக இருக்கும்.

இன்று காலை உங்கள் கேட்டுக்கு வந்தேன். 'செவ்வாய் மாலையே சார் கையில் கொடுத்தேன், சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்' என்கிறார் பையா. சொல்லும்போது கண் கலங்கிவிட்டது அவருக்கு. என்ன நடந்தது?

மதுமதி

மயூர் விஹார்,
26 மார்ச்

மதி,

பையா சொன்னதுதான் உண்மை. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். வரமாட்டேன் என்றுதான் எழுதியிருப்பாய் என்று நினைத்தேன். பிரிக்காமல் ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். பிரிக்காதவரை ஒன்றும் முடிந்துபோகவில்லை என்று ஒரு நினைப்பு.

வெள்ளி காலை முருகன் ஃபோன் செய்து, சிவப்பு போட்ட மரங்கள் பதினைந்து இருப்பதாகச் சொன்னான். உன் அடையாளம் வேறாக இருக்கும் என்று நினைத்து, "சிவப்ப வெட்டிடு, வேற ஏதாவது அடையாளம் இருந்தா விட்டுடு" என்று நானே சொன்னேன்.

மறுநாள் முருகன், மேடம் காட்டுக்கு வந்து அழுதுவிட்டுப் போனார்கள் என்றான். அப்போதுதான் பிரித்தேன். வருகிறேன் என்று எழுதியிருந்தாய். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு, ஆனால் பதில் எழுது.

கௌதமன்

முனிர்கா,
30 மார்ச்

அன்புள்ள கௌதமன்,

பயந்து பிரிக்காமல் வைத்ததை மன்னித்துவிட்டேன், நிஜமாகவே. நானும் பயந்துதான் கேட்டோடு திரும்பினேன். ஆனால் பிரித்துப் படித்து, நான் வரப்போகிறேன் என்று தெரிந்துகொண்ட பிறகு, உட்கார்ந்து எனக்கு ஒரு பொய் எழுதினீர்கள். ஒரு ஏழை மனிதர் மேல் பழியும் போட்டீர்கள். அதை எத்தனை முறை படித்தும் என்னால் தாண்ட முடியவில்லை.

பையாவிடம் நேரில் மன்னிப்புக் கேளுங்கள். வேலை போய்விடுமோ என்று பயந்துபோயிருக்கிறார்.

மே மாதம் நான் வரவில்லை. புதன்கிழமை நீங்கள் ஆபீஸ் போன பிறகு வந்து என் புத்தகங்களை எடுத்துக்கொள்கிறேன். சாவியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன்.

மதுமதி