என் பகுதியை நானே பேசுவேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நலமாக இருக்கிறேன். முழங்கால் வலி தேவலையா? செம்பாக்கத்தில் மழை விட்டதா?

நேற்று வகுப்பில் ஒரு சின்ன விஷயம், கவலைப்பட ஒன்றுமில்லை. நானும் லேனா என்ற பெண்ணும் சேர்ந்து செய்த ஆய்வை ஜெர்மன் மொழியில் விளக்கினோம். என் பகுதியில் ஒரு சொல் வராமல் கொஞ்சம் நின்றேன். "இரு, நான் சொல்லிடறேன்" என்று அவளே மிச்சம் முழுவதையும் பேசிவிட்டாள். மூன்று வாரம் நான் படித்து எழுதியது அது. இங்கே கைதட்ட மாட்டார்கள், மேசையைத் தட்டுவார்கள். அவளைப் பார்த்துத் தட்டினார்கள். நானும் தட்டினேன், அம்மா. அதுதான் இன்னும் எரிகிறது.

"வாய மூடுடி, பஸ்ல எல்லாரும் பாக்கறாங்க" என்று தாம்பரம் வரைக்கும் நீங்கள் அதட்டிக்கொண்டு வருவீர்களே, அந்தப் பெண்ணை இங்கே அமைதியானவள் என்கிறார்கள்.

என் பகுதியை மறுபடி பேச வேண்டும் என்று பேராசிரியரிடம் கேட்டேன். "தேவையில்லை, ரெண்டு பேருக்கும் ஒரே மதிப்பெண்தான்" என்றார். எனக்குத் தேவை என்றேன். வியாழக்கிழமை பத்து நிமிடம் தந்திருக்கிறார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போது எனக்கு போன் போட்டு, அணைக்காமல் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஆட்டோக்காரரோடு சண்டை போடுவதைக் கேட்க வேண்டும்.

நூலகத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், மூடும் நேரமாகிவிட்டது. ஜெபத்தில் என் பயம் நீங்க வேண்டும் என்று கேட்காதீர்கள். பயமில்லை அம்மா, கோபம்தான். அது வியாழன் வரைக்கும் இருக்கட்டும்.

உங்கள் மகள்,
ஜோசலின்