நாற்பதாம் நாளில் விட்டுப்போன ஏழு

உன் தங்கச்சி நேற்று பகல் தொழுகை லுஹருக்குப் பிறகு வந்து, பழைய சாரத் துண்டில் சுற்றிய ஒரு கணக்குக் கொப்பியை என் மடியில் வைத்தாள். "ராத்தா உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னவ டீச்சர்" என்றாள். அவிழ்த்ததும் பூச்சி உருண்டை மணம் குப்பென்று வந்தது. உன் அலுமாரியின் மணம். நீ மௌத்தாகிப் பதினொரு நாளாகிறது, அழுது முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். முடிக்கவில்லை.

கொப்பியை எனக்குத் தெரியும். நீ கட்டிய மாப்பிள்ளை சவளக்கடை வயலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து மௌத்தான அந்த வருடம், நாலு மாதமும் பத்து நாளும் நீ வீட்டுக்குள்ளேயே விதவையின் இத்தா இருந்தபோது எழுதியது. நாம் இருவரும் ஒரே வகுப்பில் கணிதம் படித்தவர்கள். நான் டீச்சரானேன், நீ கலியாணம் கட்டினாய். வாசல் தாண்ட முடியாத அந்த அறையில் நீயாக ஒரு வேலை கண்டுபிடித்தாய். முதல் நாள் ஒன்று. இரண்டாம் நாள் அதை இரண்டால் பெருக்குவது. மூன்றாம் நாள், வந்ததை மூன்றால். இப்படியே நாளுக்கு ஒரு பெருக்கல், நூற்று முப்பதாம் நாள் வரை. கடைசி விடை இருநூற்று இருபது இலக்கம். "இது சரியா புள்ள?" என்று நீ கேட்டாய். அதைச் சரிபார்க்கக் கல்முனையில் அப்போது யார் இருந்தார்கள்?

அந்த நேரம் பார்த்து என் அண்ணன், எங்கள் காக்கா, சவூதியிலிருந்து லீவில் வந்தார். டீவியோடு பொருத்தும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கொண்டுவந்திருந்தார். அவருக்கு இரண்டு நாளில் அலுத்துப்போக, அது எனக்கு வந்தது. அதன் பின்னால் செருகிய நினைவுப் பெட்டி கொஞ்சம் ஆடினாலும் எழுதியதெல்லாம் அழிந்துவிடும். நீதான் மருதமுனைக் கைத்தறிச் சாரத்தின் கரையைக் கிழித்து அதை இறுக்கிக் கட்டினாய்.

பெரிய எண்ணைக் கேட்டால் அந்த மெஷின் முதல் சில இலக்கத்தை மட்டும் காட்டிவிட்டுக் கையை விரிக்கும். ஆகவே மெஷினின் நினைவுக்குள் பெட்டிக்கு ஓர் இலக்கமாக இருநூற்றைம்பது பெட்டியை வரிசையாக வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை பெருக்குவது போலப் பெருக்கும்படி பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதினேன். சரியாகத்தான் செய்தது, ஆனால் ஆமை கெட்டது போ! நான் ஸ்கூல் விட்டு வந்து லுஹர் தொழுதபிறகுதான் தொடங்குவோம், அந்த மாதங்களில் பின்னேரத் தொழுகை அஸரோடு கரண்ட் போய்விடும். மூன்று நாள் ஓட்டினோம். மூன்று நாளும் தொண்ணூற்றுச் சொச்சத்தில் திரை இருண்டது.

ஏன் இந்தச் சுணக்கம் என்று கையேட்டைப் புரட்டினோம். உள்ளே இன்டர்பிரிட்டர் என்று ஒன்று இருக்கிறதாம். ஒரு வரியை ஆயிரம் தரம் செய்யச் சொன்னால், ஆயிரம் தரமும் அந்த வரியைப் புதிதாக வாசித்து விளங்கிக்கொண்டுதான் செய்யுமாம். நீ வாய்விட்டுச் சிரித்தாய். இத்தாவுக்குப் பிறகு உன் சிரிப்பை நான் கேட்டது அன்றுதான்.

"இஞ்ச பாருகா, ஒவ்வொரு தரமும் இது அலிஃபுல இருந்து ஓதுது!"

"ஓம், அதுக்கு நான் என்ன செய்யிற?"

"வாசிக்கிறதக் குறை. நீ என்னத்துக்கு ஒவ்வொரு இலக்கமாப் போடுற? நான் நாலு நாலாத்தான் பெருக்கினன்."

கொப்பியைத் திறந்து காட்டினாய். நாலு இலக்கத்துக்கு ஒரு கோடு, நாலு இலக்கத்துக்கு ஒரு கோடு. அப்படிச் செய்தால் பெட்டியும் கால்வாசி, வாசிப்பும் கால்வாசி. டீச்சர் எனக்கு இது தோன்றவில்லையே என்று ரோசம் வந்துவிட்டது. நாலு நல்லதென்றால் எட்டு அதைவிட நல்லதுதானே? பெட்டிக்கு எட்டாக எழுதினேன். "எட்டுக் கூடிப்போகாதா?" என்றாய். "நீ பேசாம இரு" என்றேன்.

பறந்தது. அஸருக்கு வெகுநேரம் முன்பே விடை வந்தது. கொப்பியோடு வைத்துப் பார்த்தோம், ஒத்துவரவில்லை. என் உம்மாவும் அயல் பெண்களும் பார்த்துக்கொண்டு நிற்க, நான் சட்டென்று சொன்னேன்: "உன்ட கொப்பிதான் பிழை. மெஷின் பிழைக்காது." உன் முகம் சுண்டிப்போனது. மெஷினின் விடையை எழுதிய தாளைக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு போனாய்.

மறுநாள் நான் ஸ்கூலால் வரும்போது என் வாசலில் நின்றாய்.

"உன்ட மெஷின் ஒன்பதுக்கு நிக்குதில்லகா."

நீ சொன்னது நியாயம். ஆறாம் நாளிலேயே எண் ஒன்பதால் பிரிபடத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு எந்த நாள் விடையின் இலக்கங்களைக் கூட்டினாலும் ஒன்பதின் மடங்குதான் வர வேண்டும். கொப்பியின் விடைக்கு வந்தது, மெஷினின் விடைக்கு வரவில்லை. மறுபடி கையேட்டைத் தேடினேன். ஒரு பெட்டியில் ஒன்பது இலக்கம் வரைதான் நிச்சயமாம். மிஞ்சினால் வால் இலக்கங்களைச் சத்தமில்லாமல் மட்டந்தட்டிவிடுமாம். எட்டு இலக்கத்தை நூற்றுச் சொச்சத்தால் பெருக்கினால் மிஞ்சாமல் என்ன செய்யும்? என் வகுப்பில் ஒரு பிள்ளை இதைச் செய்திருந்தால் காதைத் திருகியிருப்பேன். நீ திருகவில்லை.

"மூட்டைய வாய் வரைக்கும் நிரப்பினா தைக்க ஏலாதுகா" என்றாய், வயற்காரன் பெண்சாதி.

உன் நாலுக்கே திரும்பினோம். இந்தத் தரம் ஒவ்வொரு நாளின் விடையையும் திரையில் காட்டச் செய்தேன். நீ கொப்பியை வாசித்தாய், நான் திரையில் விரல் வைத்துத் தொடர்ந்தேன். முப்பத்தொன்பதாம் நாள் வரை ஒரு குறையும் இல்லை. நாற்பதாம் நாள் பிசகியது. கூட்டிப் பார்த்தோம். மெஷின் ஒன்பதுக்கு நின்றது, கொப்பி நிற்கவில்லை. ஒரு நாலிலக்கக் கட்டிலிருந்து அடுத்த கட்டுக்குக் கொடுக்க வேண்டிய ஏழு விட்டுப்போயிருந்தது. நாற்பத்தைந்தாம் நாளில் மறுபடி ஒன்பது சேர்ந்துகொண்டதால், கடைசி நாளில் மட்டும் கூட்டிப் பார்த்த உனக்கு அது தெரியவில்லை.

ஏழு விட்டுப்போன இடத்தில் விரல் வைத்தாய்.

"அண்டைக்கு அவருக்கு நாப்பதாம் நாள் கத்தம் ஓதினது. அவர்ட சாரமெல்லாம் ஆருக்குக் குடுக்கிறண்டு கேட்டு வந்தாங்க. எழும்பிப் போய் எடுத்துக் குடுத்திட்டு வந்து குந்தினன்."

திருத்துவோம் என்றேன்.

"விடுகா. அந்த ஏழு அங்கேயே கிடக்கட்டும்."

நான் அதை அப்படியே நம்பினேன். எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருப்பேன், துக்கத்தில் விட்ட பிழையை என் சிநேகிதி கடைசிவரை திருத்தவில்லை என்று! பிள்ளைகள் கண் கலங்கும், நானும் கலங்குவேன்.

நேற்று கொப்பியின் பின்பக்கங்களைப் புரட்டினேன். அடி கள்ளி! வேறு மையில் நாற்பதாம் நாள் மறுபடி தொடங்கியிருந்தது. அங்கிருந்து நூற்று முப்பது வரை தொண்ணூற்றொரு பெருக்கல், ஒவ்வொன்றின் கீழும் ஒன்பதுக்குக் கூட்டிப் பார்த்த அடையாளம். கடைசிப் பக்கத்தின் மூலையில் பென்சிலால் எழுதியிருந்தாய்: "டீச்சரிட்டக் காட்டணும்."

காட்டத்தான் வந்தாய். இப்போது ஞாபகம் வருகிறது. மெஷினைக் காக்கா யாருக்கோ கொடுத்து ஒன்றிரண்டு வருடம் இருக்கும். நான் தவணைப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நீ கக்கத்தில் இந்தக் கொப்பியோடு நின்றாய்.

"கணக்கு ஒண்டு பார்க்கணும் புள்ள."

"மெஷின்தான் இல்லியே. இனி எப்பிடிப் பார்க்கிற?" என்று தலை நிமிராமல் சொன்னேன்.

"ஓம் என்ன... மறுகா பார்ப்பம்."

திரும்பிப் போய்விட்டாய். எந்தக் கணக்கு என்று நான் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகு இத்தனை வருடத்திலும் கேட்கவில்லை. அது என் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது.

என் மகள் போனில் எதையோ தட்டினாள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் இருநூற்று இருபது இலக்கமும் வந்துவிட்டது. உள்ளே எப்படிச் செய்கிறது என்று கேட்டேன். இப்போதும் பெட்டி பெட்டியாகத்தான் பெருக்குகிறதாம். பெட்டி பெரிதாம், ஆனால் நிரம்பக் கட்டாமல் இடம் விட்டுத்தான் கட்டுகிறார்களாம். உன்னிடம் ஓடிவந்து சொல்ல வேண்டும் போல இருந்தது. பஸ்ஸில் போகும்போது முன்னால் போகும் வண்டியின் இலக்கத்தை நான் இன்றும் ஒன்பதுக்குக் கூட்டிப் பார்க்கிறேன், அது உன்னிடமிருந்து தொற்றிய பழக்கம்.

பிறகு கொப்பியையும் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நாலு நாலாக நானே வாசித்து, நானே விரல் வைத்துப் பார்த்தேன். ஐம்பத்தைந்து கட்டு. அஸருக்குப் பாங்கு சொல்லும்போது கடைசிக் கட்டில் இருந்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. முன்பக்கத்து நாற்பதாம் நாளை நான் தொடவில்லை. சிவப்புப் பேனையைத் தேடி எடுத்து, உன் கடைசி விடையின் கீழே பெரிதாக ஒரு சரி போட்டேன். ஒரு கணக்கைப் பார்த்துக்கொடுக்க இவ்வளவு காலம் சுணங்கிய டீச்சர் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.