இப்போ அழலாமா, மிஸ்?

இன்று காலை வகுப்பு வாசலில் உன் மகளின் ஷூக்களைப் பார்த்தேன். சாக்ஸை உள்ளே மடித்து, சுவரை ஒட்டி வைத்திருந்தாள். மற்ற பிள்ளைகளுடையவை இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடந்தன. முன்பெல்லாம் இதைப் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருக்கும். இன்று அந்தப் பெருமை வரவில்லை.

குரோம்பேட்டையில் அந்த மழலையர் பள்ளியில் நாம் ஒன்றாகத்தான் வேலைக்குச் சேர்ந்தோம். எல்.கே.ஜி. எனக்கு, யு.கே.ஜி. உனக்கு. உன் மகள் என் வகுப்புக்கு வந்த அன்று, "என் பொண்ணாச்சேன்னு விட்டுடாதடி" என்றாய். நான் விடவில்லை. யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதென்று மற்றவர்களைவிட அவளைக் கூடுதலாகவே கண்டித்தேன். தண்ணீரைச் சிந்தினால் அவளே துடைக்க வேண்டும். அழுகை வந்தால், கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டுத்தான் அழ வேண்டும். இந்த இரண்டாவது விதியை நாம் சேர்ந்துதான் கண்டுபிடித்தோம், தாம்பரம் போகும் ரயிலில், சிரித்துக்கொண்டே. "முடிக்கறதுக்குள்ள அழுகையே மறந்துடும் பாரேன்" என்றாய். பிள்ளைகள் அப்படித்தான் மறந்தார்கள்.

பிறகு உனக்குக் காய்ச்சல் என்றார்கள். ஒரு வாரத்தில் நீ இல்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் உன் கணவர் அவளைக் கொண்டுவந்து விட்டார். பையை மாட்டிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். "எவ்ளோ பொறுப்பா இருக்கு பாரு குழந்தை" என்று ஆயாம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். உன் மகள் யானைப் படத்துக்குக் கலர் அடித்து முடித்தாள். கிரேயான்களை டப்பாவில் அடுக்கி மூடினாள். கையைத் தூக்கினாள்.

"என்ன மகி, பாத்ரூம் போணுமா?"

"இல்ல மிஸ். முடிச்சிட்டேன். இப்போ அழலாமா?"

அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். சத்தமே வராமல் அழுதாள். அதுவும் என் வகுப்பில் கற்றுக்கொண்டதுதான்.

அன்றே அந்த விதியை எடுத்துவிட்டேன். "இனிமே யாருக்கு எப்போ அழுகை வந்தாலும் அழலாம்" என்றேன். மற்றவர்கள் உடனே ஏற்றுக்கொண்டார்கள். உன் மகள்தான் நம்பவில்லை. பல வாரங்கள், எல்லாவற்றையும் முடித்துவிட்டு என் முகத்தையே பார்ப்பாள்.

நேற்று பக்கத்தில் இருந்த பிள்ளை அவள் டிபன் டப்பாவைத் தட்டிவிட்டது. வாயில் பாதி இட்லியோடு ஓவென்று கத்தி அழுதாள். அடுத்த வகுப்பு மிஸ் எட்டிப் பார்த்து, "என்ன இவ்ளோ சத்தம்?" என்றார்.

"அழட்டும் மிஸ்" என்றேன்.

அவள் ஓயும்வரை முதுகை வருடிக்கொண்டு நின்றேன். அழும் பிள்ளையை அழவிட உன் சாவு வரை ஆயிற்றே எனக்கு. அது மட்டும் என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.