பாவுக்கஞ்சி

பிள்ளைகளின் அம்மாவுக்கு,

இதைப் பெரியவளிடம் படிக்கக் கொடுக்காதே. நீயே எழுத்துக்கூட்டிப் படி.

வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், முந்தின இரவிலிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது என்று டாக்டர் போன வாரமே சொல்லியிருந்தார். இன்று கேட்டபோது, "ஒண்ணும் சாப்பிடலைங்க" என்றேன். குழாய் வழியே கஞ்சி வந்தது. மேலே எண்ணெய் மிதந்தது.

"இது என்ன?" என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்த ராசிபுரத்து நெசவாளி எட்டிப் பார்த்து, "நூல் விறைப்பா நிக்கறதுக்குப் பூசற பாவுக்கஞ்சிங்க. அதை யாரும் குடிக்க மாட்டாங்க" என்றார்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

விடியற்காலையில் தெருவில் நீட்டிக் கட்டிய பாவு நூலுக்குப் பூசியது போக மிஞ்சிய கஞ்சியைக் குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். அதைச் சாப்பாடு என்றே நான் நினைக்கவில்லை. ரேஷன் வந்து அரிசியை அளந்து போட ஆரம்பித்த பிறகு, முதலாளி வீட்டில் சாப்பிட்டாச்சு என்று உன்னிடம் சொன்ன நாளெல்லாம் இதுதான். நீயும் நம்பி என் பங்கைப் பிள்ளைகளுக்குப் போட்டாய்.

என்னை ஆஸ்பத்திரியிலேயே தங்க வைத்துவிட்டார்கள். நாளை மறுபடியும் குழாய். இன்றிரவு வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று நர்சம்மா மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனார். அது எனக்குப் பழக்கம்தான். உன்னிடம் "சாப்பிட்டாச்சு" என்று சொல்லாமல் இருக்கத்தான் இனிமேல் பழக வேண்டும்.

உன் வீட்டுக்காரன்