பின் அடித்த பக்கங்கள்

அரியலூர்,
3.8.2025

அன்புள்ள லாவண்யா,

நலம். நீயும் நலம்தானே? போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே சண்டை வருகிறது என்று நீ சொன்னதால் எழுதுகிறேன். நீ பெரம்பலூர் போய் இரண்டு மாதமாகியும் உன் சினிமாப் பத்திரிகை இங்கேதான் வந்துகொண்டிருக்கிறது. இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அட்டையில் 'ஒன்பதாம் நிலவு' ஏழாம் பாகம். இதோடு கதை முடிகிறதாம். அந்தக் கிரகத்தின் படத்தைப் பார், நம் ஊர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் போலவே இருக்கிறது. இதற்காக அமெரிக்காக்காரன் எங்கெங்கோ அலைந்திருக்கிறான்.

முதல் பாகம் நமக்குக் கல்யாணமான புதிதில் திருச்சியில் பார்த்தது. ஆறையும் சேர்ந்தே பார்த்திருக்கிறோம். ஏழாவதற்கும் இரண்டு டிக்கெட் எடுக்கட்டுமா?

உன்,
ராஜவேல்

*

பெரம்பலூர்,
9.8.2025

அன்புள்ள மாமாவுக்கு,

பத்திரிகை வந்தது. மேகலா அக்கா வீட்டு மாடியில் சௌகரியமாக இருக்கிறேன். பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன்.

ஆறையும் சேர்ந்து பார்த்தோம், சரி. ஒன்றையாவது முடிவு தெரியாமல் பார்த்திருக்கிறேனா? பத்திரிகை என் பெயருக்கு வரும், முதலில் பிரிப்பது நீங்கள். இடைவேளைக்கு முன்பே "அந்த கேப்டன் செத்துருவான் பாரு" என்பீர்கள். எனக்கு எரிச்சலாக வரும், உங்களுக்குச் சிரிப்பு.

அதைக்கூட விடுங்கள். போன வருஷம் இதே பள்ளியிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டார்கள். என் போனை எடுத்து "அவங்க வரமாட்டாங்க சார்" என்று சொன்னது யார்? நான் அடுப்படியில்தான் இருந்தேன். இந்த வருஷம் கூப்பிட்டபோது போன் என் கையில் இருந்தது. அவ்வளவுதான்.

டிக்கெட்டைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன். வரக்கூடாது என்று ஒன்றும் நினைக்கவில்லை.

லாவண்யா

*

அரியலூர்,
25.8.2025

அன்புள்ள லாவண்யா,

இந்த இதழில் முழுக் கதையையும் போட்டுவிட்டார்கள், முடிவு உட்பட. நான் படிக்கவில்லை. நம்பமாட்டாய், ஆனால் உண்மை. அந்த நான்கு பக்கங்களையும் சுற்றிப் பின் அடித்து அனுப்புகிறேன். ஆபீஸில் செல்லப்பன் அண்ணன் பார்த்துவிட்டு, "என்னய்யா, சினிமா புக்குக்கு சீல் வைக்கிற?" என்று கேட்டார். படம் பார்த்த பிறகு நாம் சேர்ந்து பிரிப்போம்.

ஞாயிறு மாலைக் காட்சிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். படம் முடிந்ததும் அப்படியே வீட்டுக்கு வந்துவிடலாம். பள்ளியில் நானே பேசிவிடுகிறேன், நீ சங்கடப்பட வேண்டாம். பெட்டியை மட்டும் கட்டி வை.

உன்,
ராஜவேல்

*

பெரம்பலூர்,
28.8.2025

அன்புள்ள மாமாவுக்கு,

பத்திரிகையைத்தான் முதலில் எடுத்தேன். பின்களைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் எனக்காக நீங்கள் படிக்காமல் விட்டது இது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைக்கு எந்தப் புடவை என்றுகூட யோசித்துவிட்டேன்.

பிறகு கடிதத்தைப் படித்தேன். பள்ளியில் நீங்களே பேசிவிடுவதாக எழுதியிருந்தீர்கள்.

அக்காவிடம் கத்தி வாங்கிப் பின்களை நெம்பி எடுத்தேன். கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை எனக்காகக் காத்திருக்க வேண்டாம். பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே இருக்கிறது. பத்திரிகைக்கு எழுதி முகவரியையும் மாற்றிவிட்டேன், இனி உங்களுக்குத் தபால் அலைச்சல் இல்லை.

முடிவு என்னவென்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். தெரியாமல் போய்ப் பாருங்கள். அப்படி ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை இருந்தது.

லாவண்யா