நீ கடைசியாக அடைத்த ஐம்பது தோட்டா

என்னை ஒரு வார்த்தையாவது திட்டாமல் போனை வைத்தே அறியாத என் தங்க அண்ணனுக்கு,

நீ போய் இருபத்தோரு நாள் ஆகிறது. அங்கே டெக்சஸில் உன்னை எரித்தார்கள். இங்கே ரங்கூனில் பதினாறாம் நாள் கோயிலில் நான் சோறு போட்டேன். அன்றைக்கே எழுதியிருப்பேன், கோபம் கொஞ்சம் அடங்கட்டும் என்று பொறுத்தேன். அடங்கவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன், வாங்கிக்கொள்.

உன் மகன் செல்வா என்னோடு பேசுவதில்லை. பத்து நாளாக என் போனை எடுக்கவில்லை. காரணம் பாதி நீ, பாதி நான். எப்படிப் பிரித்தாலும் பெரிய பாதி உன்னுடையதுதான்.

உனக்குத் தெரிந்த கதையையே முதலில் இருந்து சொல்லப் போகிறேன். குறுக்கே பேச உனக்கு இப்போது வழியில்லை, கேட்டுக்கொண்டிரு.

இறைச்சி ஆலையில் வேலை என்று சொல்லித்தானே அமெரிக்கா போனாய்? போன இரண்டாம் வருஷம் ஒரு மேக்னம் ரிவால்வரைத் தூக்கிப் போனில் காட்டினாய்.

"எதுக்குண்ணே இது?"

"காட்டுப் பன்னி சுட."

"பகல் முழுக்க ஆலையில பன்னி வெட்டுறே. லீவு நாள்லயும் பன்னியா? உனக்கும் அதுக்கும் அப்படி என்ன பகை?"

முதல் தடவை சுட்டபோது துப்பாக்கி எகிறி உன் நெற்றியில் எலுமிச்சம்பழம் போல் புடைத்ததே, மறந்திருக்க மாட்டாய். அந்தப் படத்தை "பன்னி ஒன்று, அண்ணன் சைபர்" என்று எழுதிச் சொந்தக்காரர் எல்லோருக்கும் அனுப்பினேன். நீ ஒரு வாரம் பேசவில்லை. உன் மகனுக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தாயா?

அப்புறம் கடைத் தோட்டா உன் கைக்குச் சரிப்படவில்லை என்று நீயே அடைக்க ஆரம்பித்தாய். சுட்ட பித்தளைக் கூட்டைக் கழுவி, புதுக் கேப்பு வைத்து, வெடிமருந்து ஊற்றி, நீயே ஈயம் உருக்கி வார்த்த குண்டை மேலே வைத்து அழுத்துவாய். நான் இங்கே மசாலாப் பொடி பாக்கெட் போட்டுப் பிழைக்கிறவள். பார்த்ததும் புரிந்துவிட்டது.

"நீயும் பொடி அடைக்கிறே, நானும் பொடி அடைக்கிறேன். எனக்கு மஞ்சள் கூடிப்போனா குழம்பு கசக்கும். உனக்குக் கூடிப்போனா?"

"கை போகும். கண்ணு போகும். பக்கத்துல நிக்கிறவனுக்கும் சேர்த்துப் போகும்" என்றாய். அன்றைக்கு நீ சிரிக்கவில்லை.

பன்னிக்கு அடைப்பது முழு மருந்து. அது கூட்டைப் பெரும்பாலும் நிரப்பிவிடும், தவறி இரண்டு தடவை ஊற்றினால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். விளையாட்டாகக் குறி பார்த்துச் சுட அடைப்பது கொஞ்ச மருந்து. அதில் இரண்டு தடவை விழுந்தாலும் உள்ளே அடங்கிப் பேசாமல் உட்கார்ந்திருக்கும். பயப்பட வேண்டியது அதற்குத்தான் என்று சொன்னது நீ. அதனால்தான் மருந்து ஊற்றும்போது ரேடியோ கூடாது, போன் கூடாது, அண்ணி எட்டிப் பார்க்கக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தாய். ஐம்பது குழி வெட்டிய கட்டையில் கூடுகளை நிறுத்தி, ஊற்றி முடித்ததும் டார்ச் அடித்து ஒவ்வொன்றாக உள்ளே பார்ப்பாய். அதற்கப்புறம்தான் குண்டு.

அந்தச் சட்டம் என் ஒருத்திக்கு மட்டும் கிடையாது. ரங்கூனில் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? வந்தவுடன் தெருவே "மீ லாபி!", கரண்ட் வந்தாச்சு என்று கூவும். ஒருத்தி சோறு வைக்க ஓடுவாள், ஒருத்தர் தண்ணீர் மோட்டாரைப் போட ஓடுவார். நான் உன்னைக் கூப்பிடுவேன். நீ எடுத்துவிடுவாய்.

ஏன் எடுத்தாய்? அடிக்கட்டும் என்று விட்டிருந்தால் நான் என்ன, கடலைத் தாண்டியா வந்திருப்பேன்?

கடைசியாகப் பேசிய அந்தச் செவ்வாய்க்கிழமை. இங்கே காலை, உனக்கு ராச்சாப்பாட்டு நேரம்.

"வை போனை. மருந்து ஊத்திட்டிருக்கேன்."

"கரண்ட் போயிடும்ணே, ஒரே நிமிஷம். நாலாம் மாடி ஊ சான் கதையைக் கேளு. கரண்ட் வந்த சந்தோஷத்துல தலைக்கு மை பூசிட்டார். பூசி முடிக்கவும் கரண்ட் போச்சு. மோட்டார் ஓடல, தொட்டியில சொட்டுத் தண்ணி இல்ல. நாலு மணி நேரம் மையோட உட்கார்ந்திருந்தார், வேர்வையில மை எல்லாம் நெத்திக்கு வழிஞ்சிருச்சு. இப்ப முடி வெள்ளையாவே இருக்கு, நெத்திதான் கறுப்பு!"

நீ சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டையைப் பார்த்து, "எங்க விட்டேன்?" என்றாய். மறுபடி ஊற்றினாய். நான் சும்மா இருந்தேனா? "முடிஞ்சதைக் காட்டுண்ணே" என்றேன். நீ ஒரு குண்டை எடுத்து வைத்து அழுத்திக் காட்டினாய். டார்ச்சை நான் பார்க்கவில்லை. கரண்ட் போய்விட்டது.

சனிக்கிழமை ஆலை வாசலில், காரில் ஏறப் போனவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாயாம்.

எட்டாம் நாள் செல்வா கூப்பிட்டான். முப்பத்து நாலு வயது ஆம்பிளை, குழந்தை மாதிரி அழுதான். அண்ணி பர்மாக்காரி, வீட்டில் பர்மா பாஷைதான். அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை அத்தை. நீ கடைசியாக அடைத்த பெட்டி கிடைத்ததாம். விளையாட்டுக்குச் சுடும் தோட்டா, ஐம்பது. லேபிளில் உன் கையெழுத்தில் தேதியும், சரி பார்த்ததற்கான டிக்கும் இருக்கிறதாம்.

"பதினாறாம் நாள் அப்பாவோட கூட்டாளிங்களைக் கூட்டிட்டுப் போய் ஆளுக்கு அஞ்சு சுடப் போறோம், அத்தே. அவர் கையால செஞ்சது, அவருக்காக."

நல்லது செய் என்று சொல்லி வைத்தேன். அன்று மத்தியானம் மஞ்சள்தூள் அடைத்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுக்காரி மா வா என் வாசலில் நின்று ஏதோ கேட்டாள். பதில் சொல்லித் திரும்பினால், ஒரே பாக்கெட்டில் இரண்டு கரண்டி போட்டிருக்கிறேன். கையில் கரண்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமை முழுவதும் கண் முன்னால் வந்தது.

உடனே அவனைக் கூப்பிட வேண்டும். எப்படிக் கூப்பிடுவது? இரண்டு நாள் கரண்டே இல்லை. போனில் சார்ஜ் ஏற்றினால் லைன் இல்லை, லைன் வந்தால் அரசாங்கத் தடையைத் தாண்ட விபிஎன் ஏறவில்லை. எல்லாம் கூடி வந்தபோது வேறொரு வம்பு. ராணுவம் ஆளுகிற இந்த ஊரில் துப்பாக்கி, தோட்டா, மருந்து என்று போனில் சத்தமாகப் பேச முடியுமா? எழுதி அனுப்பினால் தெருவில் போனைப் பிடுங்கிப் பார்ப்பார்கள். சுவரோ அட்டை மாதிரி. தமிழில் பேசினால் அக்கம்பக்கத்தில் யாருக்கும் புரியாது, அவனுக்கும் புரியாது. பர்மா பாஷையில் பேசினால் அவனுக்குப் புரியும், ஆறு மாடிக்கும் சேர்த்துப் புரியும். உன் மகனுக்கு நாலு வார்த்தை தமிழ் சொல்லிக் கொடுக்க உனக்கு நேரம் இல்லை. பன்னி பின்னால் ஓட நேரம் இருந்தது.

கடைசியில் மிளகாய் அரைக்கும் மில்லுக்கு ஓடினேன். காலை ஏழு மணிக்கு மெஷின் போட்டால் பக்கத்தில் இருப்பவர் தும்முவதுகூடக் கேட்காது. மில்காரர் கோ தேனுக்கோ பாதிக் காது போய்விட்டது. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, மூலையில் மூட்டைகளுக்கு நடுவே நின்று பர்மா பாஷையிலேயே கத்தினேன்.

"செல்வா, அந்தப் பெட்டியைத் தொடாதே. ஒன்னுல ரெண்டு மடங்கு மருந்து இருக்கலாம்."

"யார் சொன்னது?"

"நான் சொல்றேன்."

"அத்தே, அப்பா தப்புப் பண்ண மாட்டார். டிக் போட்டிருக்கார்."

"அவன் லேபிளை முதல்லயே எழுதி டிக்கும் போட்டு வச்சிடுவான். நான் பார்த்திருக்கேன்."

"சரி, எடை போட்டுப் பார்த்துடறேன்."

"எடையில சிக்காது. வீட்டுல வார்த்த ஈயக் குண்டு ஒன்னு கூட இருக்கும், ஒன்னு குறைய இருக்கும். பிரிச்சுத்தான் பார்க்கணும்னு உங்கப்பனே சொல்லியிருக்கான்."

"பிரிச்சா அவர் செஞ்சது போயிடும் அத்தே. அவர் கை கடைசியாப் பட்டது இது ஒன்னுதான்."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். இதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதைச் சொல்லாமல் தப்பித்துவிடலாம் என்றுதான் இவ்வளவு நேரம் டிக்கையும் எடையையும் பேசிக்கொண்டிருந்தேன்.

"அவன் ஊத்திட்டிருக்கும்போது நான்தான் கூப்பிட்டேன். நான்தான் சிரிக்க வச்சேன். எங்க விட்டேன்னு கேட்டான், செல்வா. என் காதால கேட்டேன்."

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் போனை எடுத்துக்கொண்டு உன் கராஜுக்குப் போனான். குண்டு பிடுங்குகிற உன் பிளாஸ்டிக் சுத்தியலை எடுத்தான். ஒரு தோட்டாவை அதற்குள் மாட்டித் தரையில் தட்டினான். மூன்று தட்டில் குண்டு கழன்றது. மருந்தைத் தனியாகக் கொட்டித் தராசில் வைத்துக் காட்டினான். சரியாக இருந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான் தமிழில் எண்ணினேன். அவன் தட்டிக்கொண்டே இருந்தான். கோ தேன் என் மிளகாயை அரைத்து முடித்து அடுத்தவர் மல்லியைப் போட்டார். என் கண்ணில் வழிந்தது மிளகாய் நெடியா என்று நீ கேட்காதே, எனக்கே தெரியவில்லை. முப்பது தாண்டியும் ஒன்றும் இல்லை. நாற்பது. அப்போது என் மனசு என்ன நினைத்தது தெரியுமா அண்ணே? ஒன்றாவது தப்பாக இருக்கட்டும் என்று நினைத்தது. நீ தப்புச் செய்திருக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்ட பாவி நான்.

ஐம்பதும் சரியாக இருந்தன.

செல்வா போனை முகத்துக்கு நேரே பிடித்தான். "திருப்தியா, அத்தே?" என்றான். வெட்டிவிட்டான். அதோடு சரி.

பதினாறாம் நாள் அவன் சுடப் போகவில்லையாம். அண்ணி சொன்னாள். கூட்டாளிகள் வந்து காத்திருந்து போனார்களாம். பிரித்த கூடுகள் கட்டையில் வரிசையாக நிற்கின்றனவாம். குண்டுகளின் மூக்கு சுத்தியல் தட்டியதில் நசுங்கியிருக்கிறதாம். திரும்ப அடைக்கவும் மாட்டேன் என்கிறான், தூக்கிப் போடவும் மாட்டேன் என்கிறான். மேசை முன்னால் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறானாம்.

இப்போது நீ பதில் சொல். எப்போது சரி பார்த்தாய்? நான் போன பிறகு அழுத்திக் காட்டியதைக் கழற்றி, எல்லாவற்றையும் திரும்பக் கொட்டி முதலில் இருந்து ஊற்றினாயா? இல்லை, நான் சிரித்துக்கொண்டிருந்தபோதே என் கண்ணில் படாமல் டார்ச் அடித்துவிட்டாயா? மறுநாள் ஊ சானின் கறுப்பு நெற்றிப் படத்தை அனுப்பினேனே, அதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி ஒரு பொம்மை அனுப்பினாய். அந்த விரலால் "சரி பார்த்துட்டேன்" என்று இரண்டு வார்த்தை தட்டியிருக்கக் கூடாதா? எனக்கு இது எப்போதும் தெரியப் போவதில்லை. நினைத்தால் உன் நெற்றியில் இன்னொரு எலுமிச்சம்பழம் வைக்கலாம் போல வருகிறது.

ஐம்பதும் சரி என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேனா? தெரியாதே அண்ணே. தெரியாமல், உன் பேரைச் சொல்லிக்கொண்டு அவன் அதைச் சுட, நான் இங்கே பாக்கெட் அடைத்துக்கொண்டிருக்க முடியுமா? ஒரு மகனுக்கு அப்பாவின் கடைசி வேலையை அத்தை உடைத்துவிட்டாள். ஆமாம், உடைத்தேன்.

உனக்கு ஒன்று சத்தியம் செய்கிறேன். கரண்ட் வரும்போதெல்லாம் அவனைக் கூப்பிடுவேன். எடுத்தால், "உங்கப்பன் தப்புப் பண்ணல, நான்தான் சந்தேகப்பட்டேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்வேன். ஆனால் பிரிக்கச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். நாளைக்கே இன்னொரு பெட்டியில் சந்தேகம் வந்தாலும் மில்லுக்கு ஓடிப் போய்க் கத்துவேன். அவன் போனை வெட்டட்டும். இருக்கிற பத்து விரலில் எந்த விரலால் வேண்டுமானாலும் வெட்டட்டும்.

இப்படிக்கு,
அவனுக்கு இருக்கும் ஒரே அத்தை, உனக்கு வாய்த்த ஒரே தங்கச்சி,
பொன்னம்மா