அடித்தும் போகாத பழுப்பு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அவருடைய குறட்டையும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று சொன்னாய், நம்பின மாதிரி இருந்துகொள்கிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேடு. பார்சலில் நீ அனுப்பிய துணியை, கூட வைத்த தாளைப் படிக்காமல், அழுக்குத் துணி என்று நினைத்துவிட்டேன். பழுப்பாக இருந்ததே! இத்தனை படித்தும் ஒரு துணி துவைக்கத் துப்பில்லையே என்று உன்னைத் திட்டிக்கொண்டே சோப்புப் போட்டேன், சோடாவில் அவித்தேன், கல்லில் அடித்தேன், ஒன்பது நாள். இருபது வருஷம் சாயப்பட்டறையில் ஊறின கை, இதற்கு அசையாத கறை உண்டா? அது அசையவில்லை. ரோஷத்தில் அடுப்பு துடைக்கப் போட்டுவிட்டேன். அப்புறம் நீ போனில், அய்யோ அம்மா அது கறையில்ல, துணியில ஒட்டவெச்ச, கண்ணுக்குத் தெரியாத செம்புத் துகள், பெராக்சைடு சேர்த்தா தண்ணியில இருக்கிற சாயத்தைச் சிதைக்கும் என்றாய். உடனே அடுப்படிக்கு ஓடி அதை எடுத்து அலசி வைத்தேன். நான் தோற்றதைத்தான் அப்பா அதிசயம் என்றார்.

இதற்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து பட்டறைக்கு நோட்டீஸ் வந்துவிட்டது, வெளியே விடுகிற தண்ணீர் தெளியாவிட்டால் பூட்டு, பதினொரு பேர் பிழைப்பு போச்சு. நேற்று அதிகாரி வந்ததும் சிவப்புத் தண்ணீர் ட்ரம்மில் நீ சொன்ன அளவு பெராக்சைடு ஊற்றித் துணியைத் தொங்கவிட்டேன். மேஸ்திரி, ஏம்மா, அடுப்புத் துணியாலயா பட்டறையைக் காப்பாத்தப் போறே என்று நக்கலடித்தார். ஒரு மணி நேரத்தில் ட்ரம்மின் அடி தெரிந்தது, அவர் காலையிலிருந்து தேடிய சாவி அங்கே கிடந்தது. அதிகாரி விடவில்லை, ஒரு தடவைக்குச் சரி, மறுபடி உழைக்குமா என்றார். அலசி அடுத்த ட்ரம்மில் போட்டேன், தெளிந்தது. மூன்றாவதும் தெளிந்தது. துகள் கழண்டு போகாதா என்றார். ஒன்பது நாள் நான் அடிச்ச அடிக்கே போகலை சார், உங்க தண்ணிக்கா போகப்போகுது என்றேன். மூன்றையும் கருவி விட்டுச் சோதித்து, பட்டறை ஓடலாம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். மேஸ்திரி இப்போது என்னை அம்மா என்று கூப்பிடுவதில்லை, மேடம் என்கிறார்.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும் கண்ணு. இன்னும் நாற்பது மீட்டர் சீக்கிரம் அனுப்பு, மேலே "துவைக்காதே" என்று பெரிதாக எழுது.

உன்னிடம் மட்டும் தோற்ற
அம்மா

மறந்துவிட்டேனே. அதிகாரி மைப்பேனாவில் எழுதிய காகிதம் மேஸ்திரி கை தவறி மூன்றாவது ட்ரம்மில் விழுந்திருக்கிறது, துணியும் அதில்தான் இருந்தது. சாயங்காலம்தான் பார்த்தோம். காகிதம் நன்றாக இருக்கிறது. எழுத்து இல்லை. அதிகாரி நாளைக்குப் பென்சிலோடு வருகிறார்.